தமிழில் டாக்டருக்குப் படிக்க வைத்த அமெரிக்கர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருப்பூரில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் முன்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். வாரம் முழுக்க ஷிப்ட்டில் நின்றவர்கள், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகு, தள்ளிப்போட்டு வந்த காய்ச்சலையும் முதுகுவலியையும் அன்றைக்குத்தான் டாக்டரிடம் காட்டிவிட்டு வருவார்கள். கையில் ஒரு சீட்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கடைப் பையனிடம்தான் கேட்பார்கள்.

"ஏனுங்க தம்பி, இது சாப்பாட்டுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?"

அவனும் மாத்திரை அட்டையின் பின்னால் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பான். காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தால் இன்னும் சிக்கல். 'நெகட்டிவ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, ஏதோ கெட்ட செய்தி என்று முகம் வெளுத்துப் போகிறவர்கள் இப்போதும் உண்டு. நோய் இல்லை என்பதைத்தான் அந்தக் காகிதம் சொல்கிறது. ஆனால், அது சொல்கிற மொழி அவர்களுடையது அல்ல.

இந்தப் பிரச்னையைப் பற்றி 150 வருஷங்களுக்கு முன்பே தீவிரமாக யோசித்த ஒரு டாக்டர் இருந்தார். யோசித்ததோடு நிற்கவில்லை. தமிழிலேயே மருத்துவப் பாடம் நடத்தி, தமிழிலேயே டாக்டர்களை உருவாக்கி, நான்காயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவர் தமிழர் இல்லை, இந்தியரும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பெயர், சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

பாஸ்டன் பக்கத்து ஊர்க்காரர்

1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் தேதி, வூஸ்டர் என்ற ஊரில் கிரீன் பிறந்தார். வசதியான பெரிய குடும்பம். இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பின்னாளில் நியூயார்க்கில் பெரும்புள்ளி ஆனார். அந்த நகரத்தின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் உருவானதிலும், சுற்றியிருந்த பகுதிகளெல்லாம் இணைந்து 1898-ல் இன்றைய நியூயார்க் மாநகரம் ஆனதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தம்பியும் அந்த ஊரிலேயே இருந்திருந்தால் பணமும் பெயரும் தேடி வந்திருக்கும்.

நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845-ல் பட்டம் வாங்கினார் கிரீன். அடுத்த ஆண்டு, அதாவது 1846 அக்டோபரில், அவருடைய ஊருக்குப் பக்கத்தில் இருந்த பாஸ்டனில் ஒரு பெரிய அதிசயம் நடந்தது. ஈதர் வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து, நோயாளிக்கு வலி தெரியாமல் ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அதுவரை ஆபரேஷன் என்றால் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நோயாளி கதறக் கதறச் செய்வதுதான். நவீன மருத்துவம் கண் திறந்துகொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் கிரீன் கப்பல் ஏறினார். 1847-ல் அவர் வந்து இறங்கிய இடம் இலங்கையின் யாழ்ப்பாணம். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வர வேண்டும்.

எதற்காக வந்தார்? அதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்க மிஷன் அமைப்பு ஒன்று அவரை மருத்துவ ஊழியராக அனுப்பியது. நோயைக் குணமாக்குவதும் கிறிஸ்தவ மதத்தைப் பரப்புவதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். நம் ஊர் வைத்திய முறைகளைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமும் பெரிதாக இல்லை. இதையெல்லாம் சேர்த்துத்தான் அந்த மனிதரைப் பார்க்க வேண்டும்.

அவருக்கு முன்பே அந்த வழியில் வந்தவர் ஒருவர் உண்டு. டாக்டர் ஜான் ஸ்கடர், 1819-லேயே இலங்கைக்கு வந்தவர். அமெரிக்கா வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மருத்துவ மிஷனரி அவர்தான். பிறகு அவர் சென்னைக்கு மாறினார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கடர். கொங்கு நாட்டில் ஒரு வீட்டில் பெரிய வியாதி என்றால், "எதுக்கும் ஒருதடவை வேலூர் போய்ப் பார்த்துட்டு வந்துடலாமுங்க" என்பார்களே, அந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய அதே ஐடா ஸ்கடர். நம் வீட்டுப் பேச்சில் இருக்கும் வேலூருக்கும், கிரீன் வந்திறங்கிய யாழ்ப்பாணத்துக்கும் இப்படி ஒரு பழைய உறவு இருக்கிறது.

மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடம்

யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மானிப்பாயில் கிரீன் தங்கினார். வைத்தியம் பார்க்கத் தொடங்கியதுமே ஒரு விஷயம் அவருக்குப் புரிந்தது. தான் ஒரே ஆள். எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? ஆகவே 1848-லேயே உள்ளூர் இளைஞர்கள் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவப் பள்ளி வந்தது 1870-ல்தான். அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே மானிப்பாயில் பாடம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த பையன்கள்தான் மாணவர்கள். அவர்களில் சிலருடைய பெயர்கள் டான்ஃபோர்த், சாப்மன் என்று இருக்கும். வெள்ளைக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அசல் யாழ்ப்பாணத் தமிழர்கள்தான். மிஷன் பள்ளிகளுக்குப் பண உதவி செய்த அமெரிக்கர்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் அப்போது இருந்தது.

அந்தப் பையன்கள் நன்றாகப் படித்தார்கள். ஆனால், படித்து முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? இன்றைக்கும் நடக்கிற கதைதான். ஆங்கிலத்தில் மருத்துவம் தெரிந்தவருக்கு அரசாங்கத்தில் வேலை கிடைத்தது. வெளியூரில் நல்ல சம்பளம் கிடைத்தது. கிராமத்தில் தங்கியவர்கள் குறைவு. காலராவும் வயிற்றுப்போக்கும் பிரசவ மரணமும் இருந்தது கிராமத்தில்.

1857-ல் உடல்நலம் கெட்டுக் கிரீன் அமெரிக்கா திரும்பினார். 1862-ல் மனைவியோடு மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது தெளிவான முடிவோடு வந்தார். இனி மருத்துவப் பாடம் தமிழில். 1864-ல் தமிழ் வகுப்பு தொடங்கியது.

தமிழில் படித்தால் அரசாங்க வேலைக்குப் போக முடியாதே என்று யோசித்தவர்கள் உண்டு. கிரீனுக்கு வேண்டியதும் அதுதான். ஊரை விட்டுப் போகாத டாக்டர், பாட்டியிடம் பாட்டிக்குப் புரிகிற மாதிரி பேசுகிற டாக்டர், தன் ஊர் வேட்டியைக் கழற்றிவிட்டுக் கோட்டு சூட்டுக்கு மாறிவிடாத டாக்டர். அப்படிப்பட்டவர்களை அவர் விரும்பினார்.

1873-ல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது, அவரிடம் படித்து முடித்தவர்கள் 60 பேருக்கு மேல். அதில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமிழிலேயே மருத்துவம் படித்தவர்கள். அறுபது பேர்தானா என்று தோன்றலாம். ஒரே ஒரு ஆசிரியர், அதுவும் காலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, அச்சகத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொடுத்துக்கொண்டு செய்த வேலை என்பதை நினைத்துப் பாருங்கள்.

புத்தகம் இல்லாமல் பாடமா?

தமிழில் பாடம் நடத்த வேண்டுமென்றால் தமிழில் புத்தகம் வேண்டும். கிரீனும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து அந்த வேலையில் இறங்கினார்கள்.

1857-ல் 'பிரசவ வைத்தியம்' வந்தது. 1867-ல் அறுவைச் சிகிச்சைக்கான 'இரண வைத்தியம்'. 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்'. இது என்ன புத்தகம் தெரியுமா? உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கிற கிரே எழுதிய உடற்கூறியல் நூல்தான். லண்டனில் அதன் முதல் பதிப்பு 1858-ல் வந்தது. பதினான்கே வருஷத்தில் அது தமிழில் 800 பக்கங்களுக்கு மேல் விரிந்து வந்துவிட்டது. அதே ஆண்டில் பொது மருத்துவத்துக்கான 'வைத்தியாகரம்'. அது 900 பக்கங்களுக்கு மேல்.

1875-ல் வேதியியலுக்கு 'கெமிஸ்தம்'. இந்தப் புத்தகம் அச்சானது யாழ்ப்பாணத்தில் அல்ல, நம் நாகர்கோவிலில். பிறகு, உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் 'மனுஷ சுகரணம்' 1883-ல். நம் நாட்டில் கிடைக்கும் மருந்துச் சரக்குகளைப் பற்றிய 'இந்து பதார்த்த சாரம்' 1884-ல்.

தேதிகளை மறுபடி பாருங்கள். அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனது 1873-ல். கடைசிப் புத்தகங்கள் வந்தது அதற்கும் பத்து வருஷம் கழித்து. அதாவது, அமெரிக்காவில் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, தமிழ் பேச ஆளில்லாத ஊரில், உடம்பு முடியாத நிலையிலும் தமிழில் திருத்திக்கொண்டே இருந்தார் மனிதர். தட்டச்சு இயந்திரத்தில் தமிழ் கிடையாது. எல்லாம் கையெழுத்து. காகிதக் கட்டு கப்பலில் போக வேண்டும், வர வேண்டும். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் போகவில்லை என்றால் நாம் படும் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

1884 மே 28-ம் தேதி வூஸ்டரில் அவர் இறந்தார். வயது 61. தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று தன் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படியே பொறித்திருக்கிறார்கள்.

சொல் எங்கே கிடைக்கும்?

மொழிபெயர்ப்பில் பெரிய தலைவலி, சொல். ஆங்கில மருத்துவச் சொற்களுக்குத் தமிழில் என்ன போடுவது? கிரீன் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலில், தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று தேடு. இருந்தால் அதையே போடு. இல்லாவிட்டால் வடமொழியில் பார். அங்கேயும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் நாக்குக்கு ஏற்ற மாதிரி எழுது. 'கெமிஸ்ட்ரி' என்பது 'கெமிஸ்தம்' ஆனது அப்படித்தான்.

இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? பனியன் கம்பெனிக்குள் போய் நின்றால் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். ஓவர்லாக், ஃபிளாட்லாக், கட்டிங் மாஸ்டர், செக்கிங், பேக்கிங் எல்லாம் மெஷினோடும் ஆர்டரோடும் வந்த ஆங்கிலச் சொற்கள். தமிழ் நாக்கு அவற்றைத் தனதாக்கிக்கொண்டது. ஆனால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக்கொடுத்து மடித்து வைக்கிறவருக்கு 'கைமடி' என்று நம் ஊர்க்காரர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். துணியில் தொங்கும் நூலுக்குப் 'பிசிறு' என்ற சொல் கையில் இருந்தது, அதையே எடுத்துக்கொண்டார்கள். எந்தப் பண்டிதரும் வந்து சொல்லித் தரவில்லை. எட்டாம் வகுப்புப் படித்தவரும் இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு வெளிநாட்டு ஆர்டருக்குத் தரமான சரக்கு அனுப்புகிறார். வேலை செய்கிறவருக்குப் புரிகிற சொல் இருந்தால்தான் வேலை நடக்கும் என்பது திருப்பூருக்கு நன்றாகத் தெரியும்.

நோய்க்கு மட்டும் நம்மிடம் சொல் இல்லையா என்ன? பொன்னுக்கு வீங்கி என்றால் கன்னம் வீங்கிய பிள்ளையின் முகம் கண்முன் வருகிறது. கக்குவான் இருமல், மஞ்சள் காமாலை, சீதபேதி, அக்கி, மணல்வாரி அம்மை, ரணஜன்னி... நம் பாட்டிமார்கள் ஒவ்வொன்றையும் பார்த்துப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிரீன் போட்ட எல்லாச் சொற்களும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்காதிபாதம், சுகரணம் என்றால் இன்று யாருக்கும் தெரியாது. உடற்கூறியல், உடலியல், வேதியியல் என்று வேறு சொற்கள் வந்துவிட்டன. அது தோல்வி இல்லை. நூறு வருஷத்தில் மொழி நகரும். முதலில் ஒருவர் ஒரு சொல்லைப் போட்டால்தான் அடுத்தவர் அதைவிட நல்ல சொல்லைத் தேட முடியும்.

அதன் பிறகு என்ன ஆயிற்று?

கிரீனுக்குப் பிறகு தமிழில் மருத்துவ வகுப்பு நீடிக்கவில்லை. அரசாங்கமும் வேலையும் சம்பளமும் ஆங்கிலத்தோடு இருந்தன. நோயாளி மட்டும்தான் தமிழில் இருந்தார். மானிப்பாயில் அவர் பெயரில் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. புத்தகங்கள் பழைய நூலகங்களுக்குப் போய்விட்டன.

தமிழ்நாட்டிலும் பாதை ஆங்கிலத்தில்தான் போனது. சென்னையில் 1835-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி ஆனது. அங்கே முதல் இந்திய முதல்வராக இருந்தவர் டாக்டர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். பிரசவ மருத்துவத்தில் பேர்போனவர். 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் 1982-ல் வருகிற வரை நம் பகுதிக் கல்லூரிகளுக்கும் சென்னைதான் தலைமை. உங்கள் வீட்டுத் தாத்தா பட்டதாரி என்றால் அவருடைய சர்ட்டிபிகேட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். லட்சுமணசாமி முதலியார் பிரசவ மருத்துவம் பற்றி எழுதிய பாடநூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர் பிறந்தது 1887. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் ஒரு 'பிரசவ வைத்தியம்' அச்சாகியிருந்தது.

நம் ஊருக்கும் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைத்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திருப்பூரும் ஒன்று. அதே ஆண்டு அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் எம்.பி.பி.எஸ். பாடநூல்களை இந்தியில் வெளியிட்டார்கள். உடனே டி.வி.யில் சண்டை தொடங்கியது. தாய்மொழியில் மருத்துவம் படிக்க முடியுமா, முடியாதா?

முடியும் என்பதை 1864-லேயே மானிப்பாயில் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால், ஆங்கிலம் தெரியாமல் இன்றைய டாக்டர் புது ஆராய்ச்சிகளைப் படிக்க முடியாது என்பதும் உண்மை. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. டாக்டர் எந்த மொழியில் படித்தாலும், நோயாளியிடம் எந்த மொழியில் பேசுகிறார் என்பதுதான் என் கவலை.

திங்கட்கிழமை இறுக்கம்

இதில் உயிர் இருக்கிறது என்பதற்கு நம் தொழிலில் இருந்தே ஓர் உதாரணம். பல்லடம், அவிநாசி, உடுமலைப் பக்கம் நூல் மில்களில் வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசிக்குள் நிற்கிறவர்களுக்கு ஒரு நுரையீரல் நோய் வரலாம். டாக்டர்கள் பிசினோசிஸ் என்பார்கள். அதன் முதல் அறிகுறி விநோதமானது. லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருக்கும். ஞாயிறு லீவு என்றால் திங்கட்கிழமை. தொடக்கத்தில் செவ்வாய், புதன் ஆனால் சரியாகிவிடும். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே விட்டால் வருஷங்கள் போகப் போக எல்லா நாளும் இறுக்கம், மூச்சு வாங்குதல், கடைசியில் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போகும்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கண்டுபிடிக்கச் சிறந்த கருவி ஒரு கேள்விதான். "எந்தக் கிழமை நெஞ்சு புடிச்ச மாதிரி இருக்குதுங்கம்மா?" இந்தக் கேள்வியை அந்த அம்மாவுக்குப் புரிகிற பேச்சில் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். கேட்காவிட்டால் சாதாரண சளி என்று சிரப் எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவரும் குடித்துவிட்டு அதே தூசிக்குள் போய் நிற்பார்.

இப்போது இன்னொன்றையும் யோசிப்போம். அந்த மெடிக்கல் ஷாப் வரிசையில் தமிழ் தெரியாதவர்களும் நிற்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து நம் ஊர் பனியனைத் தைக்கிற பிள்ளைகள். நமக்கு ஆங்கிலச் சீட்டு எப்படியோ, அவர்களுக்கு நம் தமிழும் அப்படித்தான். வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டி, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் வலியைச் சொல்கிறார்கள். ஒடியா பேசும் பெண்ணுக்கு மாதவிடாய் வலி என்றால் அதைக் கையைக் காட்டி எப்படிச் சொல்வாள்?

கிரீன் வாழ்க்கையில் நமக்கு உள்ள விஷயம் இங்கேதான் வருகிறது. அவர் தமிழ் நம் மொழி என்பதால் தமிழில் எழுதவில்லை. அவருக்கு அது அந்நிய மொழி. நோயாளி பேசுகிற மொழி எதுவோ, மருத்துவம் அந்த மொழிக்கு வர வேண்டும் என்று நினைத்தார். மானிப்பாயில் அது தமிழ். இன்றைய திருப்பூரில் அது தமிழ், ஒடியா, இந்தி, வங்காளி எல்லாம்தான். பெரிய கம்பெனிகளில் ஹாஸ்டல் வார்டனாக, சூப்பர்வைசராக இருக்கிறவர்கள், இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையை மருத்துவமனைக்குத் துணையாக அனுப்பினாலே பாதிப் பிரச்னை தீரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள்

டாக்டரிடம் போகும்போது நாமும் கொஞ்சம் மாற வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாயடைத்துப்போய், "சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து கடைப் பையனிடம் கேட்பதை விட்டுவிடுவோம். ஐந்து கேள்விகளைப் போனில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

1. எனக்கு என்ன நோய்? தமிழில் அதற்கு என்ன பேர்?

2. இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாளைக்கு? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

3. ஏற்கெனவே சர்க்கரைக்கு, பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

4. எந்த மாதிரி ஆனால் நான் உடனே திரும்பி வர வேண்டும்?

5. நான் செய்கிற வேலைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டா?

பதில் சொன்னதும், "நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானுங்களா?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருதடவை திருப்பிச் சொல்லுங்கள். பத்து விநாடி வேலை. தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கூட்டம் அதிகம், டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் நர்ஸிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தமிழில் நன்றாக விளக்கிச் சொல்கிற டாக்டர்களும் நர்ஸ்களும் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்காததால்தான் பல நேரம் சொல்லாமல் விடுகிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து கேட்டு ஒரு ஃபாரம் நீட்டுவார்கள். அதை மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இருந்தால், "தமிழ்ல இருக்குதுங்களா? இல்லாட்டி யாராச்சும் படிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் நோய்களுக்கும் உடம்பின் பாகங்களுக்கும் சொல்கிற பெயர்கள் இருக்குமே, உங்கள் ஊரில் மட்டும் வழங்குகிற சொற்கள், அவற்றைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். எந்த ஊர், என்ன நோய் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வந்தவற்றில் இருந்து அடுத்த வாரங்களில் இங்கே வெளியிடுகிறேன். உங்கள் கம்பெனியில் வடக்கிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் இருந்தால், 'வலி', 'காய்ச்சல்', 'மூச்சு வாங்குது' என்பதை அவர்கள் மொழியில் எப்படிச் சொல்வார்கள் என்றும் கேட்டு அனுப்புங்கள். மெடிக்கல் ஷாப் பையன்களுக்கு உதவும்.